தீ விபத்தா, படுகொலையா: 1981 லண்டனும் ஒரு சொல்லின் வரலாறும்

1981 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம். தென்கிழக்கு லண்டன், நியூ குரொஸ் வீதி, 439ஆம் இலக்க வீடு. முதல்நாள் இரவு தொடங்கின பிறந்தநாள் பார்ட்டி இன்னும் முடியவில்லை. பாட்டு, ஆட்டம், சொந்தக்காரர், சிநேகிதர் எண்டு வீடு நிறைய இளம் ஆக்கள். பெரும்பாலும் கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். ஆறு மணிக்குக் கிட்ட வீட்டுக்குள் தீ மூண்டது. மேல்மாடியில் நின்றவர்களுக்கு இறங்க வழியில்லை. சிலர் யன்னலால் குதித்தார்கள். 13 பேர் இறந்தார்கள். ஆக இளையவருக்கு 14 வயது, மூத்தவருக்கு 22. பதினாறாவது பிறந்தநாளைக் கொண்டாடிய பெண்ணும் அவளுடைய அண்ணனும் அந்தப் பதின்மூன்றுக்குள் அடக்கம். அன்றைக்குத் தப்பிய ஒரு இளைஞர் இரண்டு வருடம் கழித்து இறந்தபோது, பதினான்காவது ஆளாக அவரையும் அந்தச் சமூகம் எண்ணிக்கொண்டது.

தீ எப்படி மூண்டது என்பதற்கு இன்றுவரை முடிவான பதில் இல்லை. வெளியிலிருந்து இனவாதிகள் எறிந்த தீக்குண்டு என்ற சந்தேகம்தான் முதலில் எழுந்தது, பொலிஸாரும் தொடக்கத்தில் அதைச் சொன்னார்கள். பிறகு தீ உள்ளேதான் தொடங்கியது என்றார்கள். 1981இல் நடந்த மரண விசாரணையும், 2004இல் நடந்த இரண்டாவது மரண விசாரணையும் 'திறந்த தீர்ப்பு' என்று முடிந்தன. யார் மீதும் வழக்கு இல்லை. ஆகவே யார் கொளுத்தினது என்ற கேள்விக்குள் நாங்கள் போகப் போவதில்லை. எங்களுக்கு அக்கறை, அந்த வீட்டுக்கு வெளியே அடுத்த ஆறு கிழமைக்குள் நடந்தவற்றில்தான். ஒரு சாவுவீடு எப்படி ஒரு நாட்டின் பேச்சை மாற்றுகிறது, மாறின பேச்சை அந்த நாடு எப்படித் திரும்பவும் தனக்கு வசதியான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்க்க, பிரித்தானியாவின் இந்தக் கதையை விட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குள் எங்கட ஆள் ஒருவரும் நிற்கிறார். அவரிடம் பிறகு வருவோம்.

தாக்குதல்தான் என்று சனம் ஏன் நம்பியது? அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு அது ஆச்சரியமான சந்தேகம் இல்லை. 1977 ஓகஸ்டில் 'நஷனல் ஃப்ரொன்ட்' என்ற வெள்ளையின வெறிக் கட்சி, நியூ குரொஸிலிருந்து லூயிஷம் ஊடாக ஊர்வலம் போக முயன்று, ஆயிரக்கணக்கான மக்களால் மறிக்கப்பட்டது. அந்த வருடக் கடைசியில் கறுப்பின இளைஞர்கள் கூடுகிற 'மூன்ஷொட்' கழகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அடுத்த வருடம் பக்கத்து டெப்ற்ஃபோர்டில் 'அல்பனி' என்ற கலை மன்றம் எரிந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு வீடு எரிந்தால், சனம் என்ன நினைக்கும்?

ஆனால் தீயை விடச் சனத்தைக் கொதிக்க வைத்தது அதற்குப் பிறகு வந்த மௌனம். பிரதமர் தட்சரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அரச மாளிகையிலிருந்தும் இல்லை. நாலு கிழமை கழித்து, பெப்ரவரி 14இல், அயர்லாந்தின் டப்ளினில் 'ஸ்டார்டஸ்ட்' என்ற நடன மண்டபம் எரிந்து 48 பேர் இறந்தார்கள். உடனேயே லண்டனிலிருந்து அனுதாபச் செய்தி போனது. அது வேறு நாடு. நியூ குரொஸ், வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து சில மைல் தூரம். டப்ளின் சாவுக்கு அனுதாபம் போனது பிழையென்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கட பிள்ளைகளின் சாவுக்கு ஏன் வரவில்லை என்றுதான் கேட்டார்கள். "பதின்மூன்று சாவு, ஒரு பேச்சில்லை" என்ற பொருள்படும் கோஷம் அப்படித்தான் பிறந்தது.

தீ மூண்டு ஒரு கிழமைக்குள், அதே மூன்ஷொட் கழகத்தில் பெருங்கூட்டம் கூடியது. அங்கே உருவான குழு தன் பெயரிலேயே 'தீ விபத்து' என்ற சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு 'நியூ குரொஸ் படுகொலை நடவடிக்கைக் குழு' என்று வைத்துக்கொண்டது. தலைவர் ஜோன் லா றோஸ். ட்ரினிடாட்டில் பிறந்த கவிஞர், 1966இலேயே லண்டனில் 'நியூ பீக்கன்' என்ற கறுப்பினப் பதிப்பகத்தையும் புத்தகக் கடையையும் தொடங்கியவர். ஊர்வலத்தை ஒழுங்கு செய்த முக்கியமான ஆள் டார்கஸ் ஹவ், 'ரேஸ் ருடே' பத்திரிகையின் ஆசிரியர். கவிஞர் லின்டன் க்வெஸி ஜோன்சனும் அந்தப் பத்திரிகைக் குழுவில் இருந்தவர்தான். ஒரு புத்தகக் கடைக்காரர், ஒரு பத்திரிகை ஆசிரியர், ஒரு கவிஞர். இவர்கள் தீ மூண்ட அன்றைக்கு முளைத்த ஆக்கள் இல்லை. பத்துப் பதினைந்து வருடமாகக் கூட்டம் நடத்தி, பத்திரிகை விற்று, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு இயக்கத்தின் ஆக்கள்.

ஊர்வல நாள் 1981 மார்ச் 2. அது ஒரு திங்கட்கிழமை, வேண்டுமென்றே தெரிந்தெடுத்த நாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போனால் நகரம் நித்திரையில் இருக்கும். வேலை நாளில் போனால் பஸ் நிற்கும், கந்தோர் நிற்கும், பள்ளிக்கூடத்தில் கதிரைகள் வெறுமையாகும். 15,000 தொடக்கம் 20,000 பேர் வரை, நியூ குரொஸின் ஃபோர்டம் பூங்காவிலிருந்து ஹைட் பூங்கா வரை நடந்தார்கள். பிரித்தானியா அதுவரை கண்ட ஆகப்பெரிய கறுப்பின ஊர்வலம் அது. பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தில் பொலிஸ் மறித்தது, தள்ளுமுள்ளு நடந்தது, சனம் பாலத்தைக் கடந்தது. பிறகு பத்திரிகை நிறுவனங்கள் நிறைந்த ஃப்ளீட் வீதி. மேல்மாடி யன்னல்களில் நின்று பத்திரிகைக்காரர் சிலர் கேலி செய்து கத்தினார்கள் என்று ஊர்வலத்தில் போனவர்கள் நினைவுகூருகிறார்கள். அடுத்தநாள் 'தி சன்' பத்திரிகை, கறுப்பர்கள் லண்டனில் வெறியாட்டம் ஆடிய நாள் என்ற பொருளில் தலைப்புப் போட்டது. நாள் முழுக்க நடந்த அமைதியான ஊர்வலம் அந்தத் தலைப்புக்குள் காணாமல் போய்விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும். துயரம் வந்தால் பேச்சு தானாக நல்ல பக்கம் மாறும் என்று நினைக்கிறவர்களுக்கு 1958 ஒரு பாடம். அந்த ஓகஸ்ட் கடைசியில், மேற்கு லண்டன் நொட்டிங் ஹில்லில் வெள்ளையின இளைஞர் கூட்டங்கள் கறுப்பினத்தவரின் வீடுகளைத் தேடித்தேடித் தாக்கின. தாக்கியவர்கள் யாரென்பதில் ஐயம் இருக்கவில்லை, ஒன்பது வெள்ளை இளைஞர்களுக்கு நாலு வருடச் சிறைத்தண்டனையும் கிடைத்தது. ஆனால் பாராளுமன்றத்திலும் பத்திரிகையிலும் எழுந்த கேள்வி 'இந்த வெள்ளைப் பொடியளுக்கு என்ன நடந்தது' என்பதில்லை. 'இவ்வளவு கறுப்பரை ஏன் உள்ளே விட்டோம்' என்பது. நாலு வருடத்தில், 1962இல், பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் வந்தது. அடிவாங்கியவர்களின் தொகையைக் குறைப்பதுதான் தீர்வாகிப் போனது.

1959 மே மாதம், அதே பகுதியில் கெல்சோ கொக்ரேன் என்ற 32 வயதுத் தச்சுத் தொழிலாளி வெள்ளையினக் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். பிறந்தது அன்டிகுவா. பொலிஸார் உடனேயே இது கொள்ளை முயற்சி, இனவாதம் இல்லை என்றார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். அந்த ஒழுங்குகளுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் குளோடியா ஜோன்ஸ். அமெரிக்காவிலிருந்து கம்யூனிஸ்ட் என்று நாடுகடத்தப்பட்டு வந்து, 1958இல் 'வெஸ்ட் இன்டியன் கசெற்' பத்திரிகையைத் தொடங்கியவர். நொட்டிங் ஹில் வன்முறைக்குப் பதிலாக, 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்குள் கரீபியன் களியாட்ட விழா ஒன்றையும் நடத்தினார். இன்றைக்கு லட்சக்கணக்கில் சனம் கூடுகிற நொட்டிங் ஹில் கார்னிவலுக்கு அதுதான் ஒரு வேர். ஸ்டீல் பான் அடிக்கிற வீடியோக்களைப் பார்க்கும்போது இது எங்களுக்கு ஞாபகம் வருவதில்லை.

1978 மே 4, கிழக்கு லண்டன். உள்ளூராட்சித் தேர்தல் நாள். தையல் தொழிற்சாலையில் வேலை முடித்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்ற வங்காளத் தொழிலாளி குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமரின் வாசல்வரை நடந்தார்கள். அவர் விழுந்த இடத்தின் அருகிலுள்ள பூங்காவுக்கு இருபது வருடம் கழித்து அவருடைய பெயர் வைக்கப்பட்டது. லண்டனில் இருக்கிற எங்கட சொந்தக்காரர் வைற்சப்பல் பக்கம் போகும்போது கடந்து போகிற பூங்காதான் அது.

இப்போது எங்கட ஆளிடம் வருவோம். அம்பலவாணர் சிவானந்தன். 1923இல் கொழும்பில் பிறந்தவர், குடும்பத்தின் வேர் சண்டிலிப்பாய். 1958 மே மாதத் தமிழர் விரோத வன்முறையைக் கண்ணால் கண்டபின் நாட்டை விட்டுப் போனார். போய் இறங்கிய லண்டனில் நொட்டிங் ஹில் எரிந்துகொண்டிருந்தது. ஒரே வருடத்தில் இரண்டு நாட்டில் இரண்டு தீ. இலங்கையில் வங்கி முகாமையாளராக இருந்தவர், அங்கே நூலகமொன்றில் தேநீர் ஊற்றிக்கொடுக்கும் வேலையிலிருந்து திரும்பத் தொடங்கினார். 1964இல் லண்டனிலுள்ள இன உறவுகள் நிறுவகத்தில் நூலகராகச் சேர்ந்தார். அது அப்போது பெரிய கம்பனிகளின் காசில், மேல்தட்டு ஆக்களின் மேற்பார்வையில், கறுப்பினத்தவரை 'ஆய்வு' செய்கிற இடம். 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து நிர்வாகத்தைத் தோற்கடித்து நிறுவகத்தையே கைப்பற்றினார்கள். நூலகர் பணிப்பாளரானார். நிறுவகத்தின் சஞ்சிகை 1974இல் 'ரேஸ் அன்ட் கிளாஸ்' என்று பெயர் மாறியது. டார்கஸ் ஹவ் நடத்திய 'ரேஸ் ருடே'யும் அந்த நிறுவகத்திலிருந்து பிரிந்து போனதுதான். யாழ்ப்பாணத்து வேர்கொண்ட ஒரு நூலகர், கறுப்பின பிரித்தானியாவின் சிந்தனைக்கு நடுவில் இருந்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் இல்லாததால் எங்களில் பலர் இவரைத் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்கிறோம்.

1981இல் எழுதிய நீண்ட கட்டுரையில் சிவானந்தன் ஆசியரும் கரீபியரும் தொழிற்சாலையிலும் தெருவிலும் சேர்ந்து போராடிய வரலாற்றைத் தொகுத்தார். 'கறுப்பு' என்பது அவருக்குத் தோலின் நிறம் இல்லை, அரசியல் நிறம். சண்டிலிப்பாய்க்காரரும் ஜமேக்காக்காரரும் சில்ஹெட்காரரும் ஒரே ஆட்சியின் கீழ் ஆளப்பட்டு, ஒரே காரணத்துக்காக அங்கே வந்து சேர்ந்தவர்கள். நீங்கள் எங்கள் நாட்டுக்கு வந்ததால்தான் நாங்கள் உங்கள் நாட்டில் நிற்கிறோம் என்ற கருத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊர்வலம் முடிந்து ஆறு கிழமையில் பிரிக்ஸ்டன் வெடித்தது. 1824ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டத்தின் ஒரு பிரிவை வைத்து, குற்றம் செய்யலாம் என்ற சந்தேகத்தில் மட்டும் ஆளைப் பிடிக்கும் அதிகாரம் பொலிஸுக்கு இருந்தது. கறுப்பினப் பொடியள் இதால் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. லூயிஷமில் தாய்மார் பொலிஸ் நிலையத்துக்கே போய்ப் பிள்ளைகளை மீட்டுக்கொண்டு வந்து, அந்தச் சட்டத்தை ஒழிக்க இயக்கம் நடத்தினார்கள். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் பொலிஸ் நடத்திய நடவடிக்கைக்கு 'சுவாம்ப் 81' என்று பெயர், அதாவது மூழ்கடித்தல். வேற்றுக் கலாசாரத்தவரால் இந்த நாடு மூழ்கடிக்கப்படும் என்று சனம் பயப்படுகிறது எனத் தட்சர் 1978இல் தொலைக்காட்சியில் சொன்ன அதே சொல். சில நாட்களுக்குள் 900க்கு மேற்பட்டோர் தெருவில் மறித்துச் சோதிக்கப்பட்டார்கள். ஏப்ரல் 10 தொடக்கம் 12 வரை பிரிக்ஸ்டன் எரிந்தது. யூலையில் சவுத்தோல், லிவர்பூலின் டொக்ஸ்டத் என்று பரவியது.

அரசு நீதிபதி ஸ்கார்மன் பிரபுவை விசாரிக்கச் சொன்னது. நவம்பரில் அறிக்கை வந்தது. அதில் நல்ல விடயங்கள் இல்லாமல் இல்லை. வேலையின்மை, வீட்டு வசதி, இனரீதியான பின்தங்கல் எல்லாம் பதிவாகின. ஆனால் நிறுவனமயப்பட்ட இனவாதம் பிரித்தானியாவில் இல்லை என்று அவர் முடிவு சொன்னார். கீழ்மட்டத்தில் சில உத்தியோகத்தருக்குத் தப்பெண்ணம் இருக்கலாம், மேலிடம் சுத்தம்.

அந்த அறிக்கைக்குப் பிறகு காசு வந்தது, திட்டம் வந்தது, பயிற்சிப் பட்டறை வந்தது. வெள்ளையின உத்தியோகத்தரை வட்டமாக இருத்தி, உங்கள் மனதுக்குள் இருக்கிற இனவாதத்தைத் தேடுங்கள் என்று சொல்லுகிற பயிற்சி. சிவானந்தன் 1985இல் இதைக் கிழிகிழி எண்டு கிழித்து எழுதினார். இனவாதம் மனதுக்குள் இருக்கிற பாவம் என்றால் அதற்குப் பாவமன்னிப்புப் போதும். அதிகாரத்தோடு பிணைந்த ஒன்றென்றால் அதிகாரத்தோடுதான் மோத வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். பாகுபாடு காட்டுகிற இனவாதம் வேறு, கொல்லுகிற இனவாதம் வேறு என்றும் பிரித்துப் பார்த்தார். பதவி உயர்வு கிடைக்காதவருக்கும், இரவு பஸ்ஸுக்கு நிற்கும்போது குத்துப்படுகிறவருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது. இப்போது கொழும்பில் நட்சத்திர ஹோட்டல்களில் நடக்கிற நல்லிணக்கப் பட்டறைகளுக்குப் போய் வந்த யாரும் இந்தக் கட்டுரையை வாசித்தால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

பிரிக்ஸ்டனுக்கும் சவுத்தோலுக்கும் இடையில், மே 31 இரவு, யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு உவமை சொல்ல நாங்கள் விரும்பவில்லை, இரண்டும் வேறு வேறு வரலாறு. ஆனால் சொல் விடயத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். 1958, 1977, 1983 எல்லாவற்றையும் நாங்களே இன்னும் 'கலவரம்' எண்டுதான் சொல்லுறம். 'கலவரத்தில வீடு எரிஞ்சது' என்று அம்மம்மா சொல்லுவா. கலவரம் என்றால் இரண்டு பக்கம் அடிபட்டது போல ஒரு தோற்றம். நியூ குரொஸ் சனம் முதல் கிழமையிலேயே செய்த வேலையை, பெயரைத் தாங்களே வைக்கும் வேலையை, எங்கட வீட்டுப் பேச்சு இன்னும் முடிக்கவில்லை.

இன்னொரு சொல். 'ரேசிசம்' என்பதற்கு நாங்கள் இரண்டு சொல் வைத்திருக்கிறோம். சிங்களப் பேரினவாதத்தைப் பற்றிக் கதைக்கும்போது 'இனவாதம்'. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சுடப்பட்டால் 'நிறவெறி'. ஒன்று எங்களுக்கு நடக்கிறது, மற்றது வேறு யாருக்கோ நடக்கிறது. இந்தப் பிரிப்பின் நடுவில் வசதியாக ஒளிந்திருக்கிற மூன்றாவது சொல் ஒன்று உண்டு: 'காப்பிலி'. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மாமாமார் விடுமுறைக்கு வந்து, பக்கத்து வீட்டுக்குக் 'காப்பிலியள்' குடிவந்த கதையை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்லுவினம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளம் பக்கத்தில் இன்றைக்கும் வாழுகிறார்கள் என்பதே எங்களில் கனபேருக்குத் தெரியாது. 1983க்குப் பிறகு லண்டனில் இறங்கிய தமிழருக்கு அகதி உரிமை கேட்க ஒரு தரை இருந்ததென்றால், அதைக் கொத்திப் பதப்படுத்தியவர்களில் இந்தக் 'காப்பிலியள்' முன்னணியில் நின்றார்கள்.

அந்தத் தரையில் தமிழரும் ஒருநாள் நின்றார்கள். 1987 பெப்ரவரி, ஹீத்ரோ விமான நிலையம். தஞ்சம் கேட்டு வந்த அறுபது பேரளவிலான தமிழரைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்ற முயன்றபோது, ஓடுபாதையருகில் அவர்கள் உடுப்பைக் கழற்றிப்போட்டு உள்ளாடையோடு நின்றார்கள். மாரிக் குளிர். படம் பத்திரிகைகளில் வந்தது, நீதிமன்றம் தலையிட்டு நாடுகடத்தலை நிறுத்தியது. இது வெற்றிதான். ஆனால் அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் புதிய சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். வீஸா இல்லாத பயணியை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம். இன்றைக்குக் கட்டுநாயக்காவில் விமான நிறுவன ஊழியர் உங்கள் கடவுச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாரே, அந்தக் காவல் வேலைக்கு இப்படியான சட்டங்களும் ஒரு தொடக்கம். அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ள் வில்லியம்' என்ற பழைய கப்பலைத் தடுப்புமுகாமாக்கி அகதிகளை அடைத்தார்கள். அங்கிருந்தவர்களில் தமிழர் பலர். ஒக்ரோபர் புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்க் கரைதட்டியது. 1958இல் நடந்தது போலத்தான் இதுவும்: ஒரு காட்சி நாட்டை உலுக்கும், அரசு வந்தவர்களின் கண்ணீரை விட்டுவிட்டு வாசலைப் பற்றிப் பேசும்.

பிறகு 1993 ஏப்ரல் 22. தென்கிழக்கு லண்டன் எல்த்தம், வெல் ஹோல் வீதி பஸ் தரிப்பிடம். கட்டடக் கலைஞராக விரும்பிய 18 வயது ஸ்டீபன் லோறன்ஸ், நண்பரோடு பஸ்ஸுக்கு நின்றபோது, வெள்ளையினக் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வட்டாரத்தில் இரண்டு வருடத்துக்குள் கொல்லப்பட்ட முதலாவது இளைஞர் இல்லை அவர். ஒன்றிரண்டு நாளுக்குள் சந்தேக நபர்களின் பெயர்கள் பல வழியாகப் பொலிஸுக்குக் கிடைத்துவிட்டன. ஒருவரையும் கைது செய்யவில்லை. பெயர்களை எழுதித் தான் கொடுத்த தாளை ஒரு மூத்த அதிகாரி சின்ன உருண்டையாகச் சுருட்டியதைத் தாய் டொறீன் பிறகு சாட்சியமாகச் சொன்னார். மே 6ஆம் திகதி, லண்டன் வந்திருந்த நெல்சன் மண்டேலா குடும்பத்தைச் சந்தித்தார். அடுத்தநாள் முதல் கைதுகள் நடந்தன. ஒரு கறுப்பினப் பிள்ளையின் கொலையில் ஆளைப் பிடிக்க, தென்னாபிரிக்காவிலிருந்து மண்டேலா வரவேண்டியிருந்தது.

வழக்குக் கைவிடப்பட்டது. குடும்பமே தொடுத்த தனியார் வழக்கு 1996இல் தோற்றது. 1997 பெப்ரவரியில் மரண விசாரணை, ஐந்து வெள்ளை இளைஞர்கள் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் செய்த இனவாதக் கொலை என்று தீர்ப்புச் சொன்ன மறுநாள், 'டெய்லி மெயில்' அந்த ஐவரின் படத்தையும் போட்டு 'கொலைகாரர்கள்' என்று முதற்பக்கத் தலைப்பு வைத்தது. குடிவரவாளருக்கு எதிராக எழுதிக் காசு பார்க்கிற பத்திரிகை அது. 1993இல் ஸ்டீபனுக்காகத் தெருவில் இறங்கியவர்களைத் தாக்கி எழுதியதும் அதுதான். என்ன மாறியது? பல காரணம் சொல்லுவார்கள். ஒன்று, ஸ்டீபனின் அப்பா நெவில் சாந்து பூசுகிற மேசன். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் வீட்டில் முன்பு வேலை செய்தவர். ஆசிரியருக்கு ஆளைத் தெரியும், நல்ல மனுசன் என்று தெரியும். ஒரு சுவருக்குப் பூசிய சாந்து ஒரு நாட்டின் பேச்சைத் திருப்ப உதவியது என்றால், மெயில் ஆசிரியரின் வீட்டில் வேலை செய்யாத அப்பாமாரின் பிள்ளைகளுக்கு என்ன வழி? 'நல்ல பிள்ளை, படிச்ச பிள்ளை, ஒழுக்கமான குடும்பம்' என்று நிரூபித்த பிறகுதான் ஒரு சாவு சாவாகிறது. இந்தச் சான்றிதழ் கேட்கும் பழக்கம் எங்களுக்கும் புதிதில்லை.

ஆனால் மெயிலுக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுத்தால் அது அநியாயம். நாலு வருடம் குடும்பமும் வழக்கறிஞர்களும் ஊர் அமைப்புகளும் விடாமல் நின்றதால்தான் அந்தத் தலைப்புக்கு ஒரு கதை இருந்தது. ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசு 1997 யூலையில் விசாரணை அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி வில்லியம் மக்பேர்சன் தலைமை. 1999 பெப்ரவரி 24இல் 70 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. ஸ்கார்மன் இல்லை என்ற அந்தச் சொல்லை மக்பேர்சன் எழுதினார்: லண்டன் பெருநகரப் பொலிஸில் நிறுவனமயப்பட்ட இனவாதம் இருக்கிறது. நிறம், கலாசாரம், இனப் பிறப்பு காரணமாக மக்களுக்குத் தகுந்த சேவையைக் கொடுக்க ஒரு அமைப்பு கூட்டாகத் தவறுவது, அறியாமையாலும் அசட்டையாலும் நடந்தாலும், இனவாதமே என்பது அதன் சாரம்.

அந்தச் சொல் மக்பேர்சன் கண்டுபிடித்ததில்லை. 1967இல் அமெரிக்காவில் ஸ்டோக்லி கார்மைக்கலும் சார்ள்ஸ் ஹமில்ரனும் எழுதிய 'பிளாக் பவர்' நூலில் அது வருகிறது. 1963 செப்ரெம்பரில் அலபாமாவின் பேர்மிங்கம் நகரில் தேவாலயத்துக்குக் குண்டு வைத்து நாலு சிறுமிகள் கொல்லப்பட்டதை உலகமே கண்டது. அதே நகரில் சாப்பாடும் மருந்தும் தங்க இடமும் இல்லாமல் வருடாவருடம் சாகிற கறுப்பினக் குழந்தைகளை யார் கண்டது என்று அவர்கள் கேட்டார்கள். முதலாவதைக் கண்டிக்க எல்லோரும் வருவார்கள், இரண்டாவதுக்குக் குற்றவாளியே இல்லை. இந்தக் கேள்வி ஒரு நீதிபதியின் அறிக்கைக்குள் நுழைய 32 வருடமும், இரண்டு நாட்டில் எத்தனையோ சவப்பெட்டியும் தேவைப்பட்டன.

சட்டங்கள் மாறின. 2000ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் பொலிஸும் இன உறவுச் சட்டத்துக்குள் வந்தது. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்குத் திரும்ப விசாரிக்க முடியாதென்ற பழைய விதியும் பாரிய குற்றங்களுக்குத் தளர்த்தப்பட்டது. அதனால் 2012 ஜனவரியில், கொலை நடந்து ஏறத்தாழ 19 வருடம் கழித்து, இரண்டு பேர் தண்டிக்கப்பட்டார்கள். அடுத்த வருடமே இன்னொரு உண்மை வெளிவந்தது: நீதி கேட்டு நின்ற லோறன்ஸ் குடும்பத்தின் இயக்கத்துக்கு அருகில் பொலிஸ் தன் உளவாளிகளை வைத்திருந்தது.

2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜோர்ஜ் ஃப்ளொயிட் கொல்லப்பட்டபோது, யூன் 7இல் பிறிஸ்ரல் நகர இளைஞர்கள் அடிமை வியாபாரி எட்வேர்ட் கோல்ஸ்ரனின் சிலையை இழுத்து விழுத்தித் துறைமுகத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். நாங்களும் எங்கட முகப்புப் படங்களைக் கறுப்பாக்கினோம். பிரித்தானிய அரசு ஒரு ஆணைக்குழு அமைத்தது. அடுத்த மார்ச்சில் வந்த அதன் அறிக்கை, அமைப்பு வேண்டுமென்றே சிறுபான்மையினருக்கு எதிராக இயங்குகிற பிரித்தானியாவைத் தாங்கள் இப்போது காணவில்லை என்ற தொனியில் எழுதியது. ஸ்கார்மனுக்கு 40 வயது ஆகியிருந்தது.

2023 மார்ச்சில் லூயிஸ் கேசி, லண்டன் பொலிஸ் பற்றிய இன்னொரு மீளாய்வை வெளியிட்டார். இம்முறை தொடக்கம் வேறு. பொலிஸ்காரர் ஒருவர் ஒரு இளம்பெண்ணைக் கடத்திக் கொன்றதைத் தொடர்ந்து நடந்த மீளாய்வு அது. அமைப்பு நிறுவனமயப்பட்ட இனவாதமும், பெண்வெறுப்பும், தன்பாலினத்தவர் மீதான வெறுப்பும் கொண்டது என்று எழுதினார். பொலிஸ் ஆணையாளர் மார்க் ரௌலி ஊடகத்தின் முன் வந்தார். அறிக்கையில் சொன்னவற்றை ஏற்றுக்கொள்வதாகவும், மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். 'நிறுவனமயப்பட்ட' என்ற சொல்லை மட்டும் தான் பயன்படுத்தப் போவதில்லை, அதற்குத் தெளிவான பொருள் இல்லை, அது அரசியலாகிவிட்டது என்றார்.